இரட்சணிய யாத்திரிகத்தில் அச்சமும் அவலமும்

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகத்தை ஆராய்ந்தோர் பெரும்பாலும் இரண்டு வினாக்களையே எழுப்பினர். ஜான் பனியனின் ஆங்கில நூலினின்று அது எவ்வளவு வேறுபடுகின்றது என்பது ஒன்று. கம்பனின் சாயல் அதில் எவ்வளவு படிந்துள்ளது என்பது மற்றொன்று. உள்ளத்தைக் கலக்கும் அச்சத்தையும் நம்பிக்கையிழவையும் சமய நெறியால் அடக்கும் முறையை இந்நூல் தமிழில் எங்ஙனம் அமைத்தது என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

முதலில் மூலநூலை நோக்குவோம். பனியன் தம் சமயக் கொள்கையின் பொருட்டு 1660 முதல் 1672 வரை பெட்போர்டு நகரச் சிறையில் இருந்தவர். அவருடைய பயண நூலின் முதற்பகுதி 1678இல் வெளிவந்தது. அதில் பயணி தன் முதுகுச் சுமையால் சேற்றில் அமிழ்கின்றான். சேற்றைக் கடக்கப் படிகள் உளவெனினும், அச்சத்தின் மிகுதியால் அவற்றை அவன் காணவில்லை. பின்னர் ஐயக் கோட்டையில் அரக்கனால் அடைபட்டு, தற்கொலைக்கும் தூண்டப்படுகின்றான். அவனை விடுவிக்கும் திறவுகோலோ அவன் மார்பிலேயே முன்பிருந்து உள்ளது. அதன் பெயர் வாக்குறுதி. நோயும் உள்ளிருப்பது, மருந்தும் உள்ளிருப்பது என்பதே பனியனின் கருத்து.

இக்கருத்தைத் தமிழ்ச் செய்யுளில் அமைப்பது எளிதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்திற்குக் கூறும் நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம்மிறை என்னும் நான்கு. இவை யாவும் அஞ்சுவோனுக்குப் புறத்தே நிற்பன. தன் தீவினையை நினைந்து தானே நடுங்கும் அச்சத்திற்கு அப்பட்டியலில் இடம் காணல் அரிது. அவ்விடத்தை அளித்தது பத்தி இலக்கியமே. தம் இழிவை எடுத்துரைத்து இறைவன் அருளைக் கெஞ்சும் முறையை வைணவர் நைச்சியானுசந்தானம் என்பர். அம்முறையில் குற்றவுணர்வு ஒளிக்கப்படுவதில்லை, விண்ணப்பமாக மாற்றப்படுகின்றது. உணர்ச்சியை அடக்குவதினும் அதற்கு முகவரி காட்டுவதே அங்கு முறை எனலாம்.

கிருஷ்ணபிள்ளை வைணவ வேளாளர் குடியிற் பிறந்து அந்நெறி நூல்களைப் பயின்றவர். ஜி. யு. போப்பின் முயற்சியால் கல்வி நிலையமாக வளர்ந்த சாயர்புரத்தில் 1853இல் தமிழாசிரியர் பணியேற்றார். உடன்பிறந்தாராகிய முத்தையா பிள்ளை அவருக்கு முன்னரே கிறித்தவரானார். இவர் 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். சமயம் மாறினும் பாடும் முறை மாறவில்லை என்பது நூலால் விளங்கும். ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாக வகுத்த காப்பியத்தில் இடையிடையே தேவாரச் சாயலில் இசைப்பாக்களை அவர் அமைத்தார். பனியனின் நூலில் வினாவிடைகளும் மறைநூல் வாக்குகளும் செய்யும் பணியைத் தமிழ் நூலில் பெரிதும் இப்பாக்கள் ஏற்கின்றன.

இவற்றை வெறும் அணி என ஒதுக்குவது பொருந்தாது என்பது நம் கருத்து. கதையைக் கேட்பவன் பயணியின் துன்பத்தைப் புறத்தே நின்று காண்பான். பதிகத்தை ஓதுபவனோ அத்துன்பத்தைத் தன் வாயாலேயே சொல்கின்றான். அப்போது பாட்டின் 'நான்' பயணியும் ஆவான், ஓதுபவனும் ஆவான். அச்சம் கொண்டவனுக்குப் பிறர் கூறும் ஆறுதல் எட்டாதபோதும் இம்முறை எட்டும். (காப்பியத்தின் கதைச்சுவையையே நாடுவோர்க்கு இப்பகுதிகள் தடையாகத் தோன்றுதல் இயல்பே.) பனியன் காட்டிய திறவுகோல் தனியொருவன் நினைவில் வைத்த வாக்கு, கிருஷ்ணபிள்ளை தந்ததோ பலர் கூடி ஓதத்தக்க பாட்டு. சீர்திருத்தக் கிறித்தவத்தின் அகநோக்கு தமிழ்நாட்டில் கூட்டு வழிபாட்டின் ஓசையைப் பெற்றது இவ்வாறே.

காப்பியம் 1894இல் நூலாக வெளிவந்தது. 1899இல் வெளியான இரட்சணிய மனோகரத்தில் கதையே இல்லை. விண்ணப்பப் பாடல்கள் மட்டுமே தொகுக்கப்பெற்றன. அதற்கு அடுத்த ஆண்டு ஆசிரியர் காலமானார்.