கவுலுக்கு முந்திய காவல்

மாசி மாதத்துப் பிற்பகுதியில், பனி விலகி வெயில் இன்னும் கடுமை கொள்ளாத காலைப்பொழுதில், வேடந்தாங்கல் ஏரிக்கரைமேல் நடந்து செல்பவர், நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களின் இலைகளெல்லாம் சுண்ணாம்பு தெளித்தாற்போல வெளுத்திருப்பதையே முதலில் காண்பர். அவ்வெண்மை பறவைகளின் எச்சம். இச்சிற்றூரின் சரித்திரமே அந்த எச்சத்திலிருந்துதான் தொடங்குகிறது.

மழைக்காலத்தில் ஏரி நிறைந்ததும் கூடு கட்டத் தொடங்கிய நாரைகளும், கூழைக்கடாக்களும், அரிவாள்மூக்கன்களும் இப்போது குஞ்சும் குடும்பமுமாய்க் கிளைகளை நிறைத்திருந்தன. கரைக்கு அண்மையில் இருந்த நத்தைகுத்தி நாரையின் கூடொன்றை நெடுநேரம் பார்த்து நின்றேன். பெரிய பறவையின் அலகு மூடியிருக்கும்போதும் நடுவில் பாக்குவெட்டியைப்போல் ஓர் இடைவெளி தெரிகிறது. குஞ்சுக்கோ அது இல்லை, வளர வளரவே தோன்றும். பறவை கக்கிய நத்தைச் சதையைக் குஞ்சுகள் முண்டியடித்து விழுங்கின. சுற்றியுள்ள கழனிகளில் பொறுக்கிய அந்நத்தை, எச்சமாகி, ஏரிநீரில் கரைந்து, மதகின் வழியே அதே கழனிகளுக்கு உரமாகத் திரும்புகிறது. ரசாயன சாஸ்திரம் இதற்குக் காரணம் கூறுமுன்னரே, அந்நீர் பாய்ந்த பயிரின் செழுமையைக் கண்டு உண்மையை உணர்ந்தவர்கள் இவ்வூர் உழவர்கள்.

வேடன் பெயரைத் தாங்கிய ஊர், பறவைகளின் புகலிடமானது அவர்களால்தான். (தாங்கல் என்பது சிற்றேரி.) 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் இங்கு வந்து பறவைகளைச் சுட்டபோது, ஊரார் வாளாவிருக்கவில்லை, அப்போது கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் துரையிடம் முறையிட்டு, பறவைகளைக் காக்கும் உரிமையைக் கவுலாகவே, அதாவது உரிமைப் பத்திரமாகவே, எழுதி வாங்கினர். அக்கவுல் 1858இல் புதுப்பிக்கப்பட்டது. 1936இல் சரணாலயம் என்ற அங்கீகாரமும், 2022இல் ராம்சர் ஈரநிலத் தலம் என்னும் சர்வதேச கௌரவமும் வந்தன. இவையாவும் நன்றே, ஆயினும் அதிகாரிகள் காகிதத்தில் எழுதியது, ஊரார் அதற்கு முன்பே தம் ஒழுக்கமாகக் கொண்டிருந்ததைத்தான் என்பது என் துணிபு. ஆகையால் இச்சரணாலயத்தின் ஸ்தாபகர் யாரென வினவினால், கலெக்டர் பெயரைவிட, பெயர் பொறிக்கப்படாத அவ்வுழவர்களையே நான் முதலில் சொல்வேன்.

1998ஆம் ஆண்டின் அரசு அறிவிப்பு, ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்துக்குட்பட்ட நிலத்தையும் சரணாலயத்தில் சேர்த்தது. அதைச் சுருக்கும் யோசனையொன்று 2020இல் எழுந்து, பலத்த எதிர்ப்பைச் சந்தித்தது. அவ்வெதிர்ப்பு நியாயமே, ஏனெனில் ஏரி பெரும்பாலும் பறவைகள் உறங்கும் இடமேயன்றி உண்ணும் இடமன்று. அவற்றுக்கு நத்தையும் மீனும் அளிப்பவை சுற்றியுள்ள கழனிகளும் சிற்றேரிகளுமே. அந்நிலத்தில் ஓரடியும் குறைய நாம் இடங்கொடுத்தலாகாது.