கதவுப் பூட்டு மாற்றுதல்

கதவுப் பூட்டு மாற்றுதல் என்பது வீட்டிலோ தொழிலிடத்திலோ கதவில் உள்ள பூட்டை முழுவதும் கழற்றிவிட்டுப் புதியது பொருத்துவதையும், பூட்டின் உடலை அப்படியே விட்டுச் சாவி நுழையும் பகுதியை மட்டும் மாற்றுவதையும் குறிக்கும். பழுதான பூட்டை எல்லாரும் மாற்றிவிடுகிறார்கள். நன்றாக இயங்கும் பூட்டையும் மாற்ற வேண்டிய சமயங்கள் உண்டு. கவனிக்காமல் விடப்படுபவை அவைதாம். சாவி யார் யார் கையில் இருக்கிறது என்று வீட்டுக்காரரால் உறுதியாகச் சொல்ல முடியாமல் போனால், எவ்வளவு விலையுயர்ந்த பூட்டானாலும் அதற்குமேல் காவல் இல்லை.

வரலாறு

பழங்காலப் பூட்டுகளில் நன்கு அறியப்பட்டது எகிப்திலும் மெசொப்பொத்தேமியாவிலும் வழங்கிய மரப்பூட்டு. அசீரிய அரசன் இரண்டாம் சார்கோன் கட்டிய கோர்சாபாத் அரண்மனையின் இடிபாடுகளில் இவ்வகைப் பூட்டு கண்டெடுக்கப்பட்டது. கதவின் குறுக்கே ஓடும் தாழில் துளைகள் இருக்கும். மேலிருந்து மரமுளைகள் அத்துளைகளில் விழுந்து தாழை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். பல் துலக்கும் பிரஷ் போல நுனியில் முளைகள் கொண்ட பெரிய மரச்சாவியை நுழைத்து உயர்த்தினால், விழுந்த முளைகள் மேலேறித் தாழ் விடுபடும். இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் சிலிண்டர் பூட்டும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது.

ரோமானியர் பூட்டை உலோகத்தில் செய்தனர். சிறு சாவிகளை மோதிரமாக விரலில் அணிந்தனர். அவர்கள் கையாண்ட தடைத்தகட்டு முறை பல நூற்றாண்டுகள் ஐரோப்பாவில் நிலைத்தது. சாவித்துளைக்குள் தகடுகளை நிறுத்தி, அவற்றில் இடிக்காத வெட்டுள்ள சாவி மட்டுமே சுழலும்படி செய்வது அந்த முறை. தகடுகளில் படாத அளவுக்குச் சாவியைத் தேய்த்து மெலியவைத்தால் எந்தப் பூட்டும் திறந்துவிடும் என்பது அதன் பெருங்குறை.

இக்குறையை நீக்கியது 1778இல் இங்கிலாந்தின் ராபர்ட் பாரன் காப்புரிமை பெற்ற லீவர் பூட்டு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு லீவரையும், அதாவது நெம்புத் தகட்டையும், சாவி சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். குறைந்தாலும் திறக்காது, கூடினாலும் திறக்காது. 1784இல் ஜோசப் பிராமா உருளை வடிவச் சாவி கொண்ட பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். லண்டன் பிக்கடில்லியில் இருந்த அவரது கடையின் சாளரத்தில், திறந்து காட்டுபவருக்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்புடன் ஒரு பூட்டு பல்லாண்டுகள் தொங்கியது. 1817இல் போர்ட்ஸ்மவுத் கப்பல்தளத்தில் கள்ளச்சாவி கொண்டு நடந்த திருட்டுக்குப் பின், அரசு புதிய பூட்டுக்குப் பரிசு அறிவித்தது. அடுத்த ஆண்டு ஜெரிமையா சப் செய்த பூட்டு அதை வென்றது. யாரேனும் தவறான சாவியாலோ கம்பியாலோ லீவரை அளவுக்கு மீறித் தூக்கினால் பூட்டு இறுகிக்கொண்டு, அந்த முயற்சியை உரியவருக்குக் காட்டிக்கொடுக்கும்.

இரு பூட்டுகளின் புகழும் 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியின்போது சரிந்தது. அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் சப்பின் பூட்டைச் சுமார் 25 நிமிடத்தில் திறந்தார். பிராமாவின் பூட்டுக்கு 16 நாள்களில் பரவிய 51 மணி நேரம் பிடித்தது. பரிசுப் பணமும் அவருக்கே போனது. திறக்கவே முடியாத பூட்டு என்று ஒன்று இல்லை என்பதைப் பொதுமக்கள் அறிந்தது அந்த ஆண்டில்தான்.

அமெரிக்காவில் லைனஸ் யேல் 1848இல் முளைப்பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதே பெயர் கொண்ட அவருடைய மகன் 1860களில் அதைச் சிறிய சிலிண்டராக்கி, தட்டையான, பல் வெட்டிய சாவியைப் பொருத்தினார். சட்டைப்பையில் எளிதில் அடங்கும் இன்றைய தட்டைச் சாவி வந்தது இவரால்தான்.

இந்தியாவில் அர்தேஷிர் கோத்ரெஜ் 1897இல் பம்பாயில் பூட்டுத் தொழிலைத் தொடங்கினார். வடக்கே அலிகர் பூட்டு நகரமாகவே வளர்ந்தது. தமிழ்நாட்டில் திண்டுக்கல் அந்த இடத்தைப் பெற்றது. அங்குக் கையால் அடித்து, அரம் போட்டுச் செய்யும் இரும்புப் பூட்டு லீவர் வகையைச் சேர்ந்தது. மாங்காய்ப் பூட்டு அவற்றுள் பெயர்பெற்றது. சாவியைச் சுழற்றும்போது மணியடிக்கும் பூட்டுகளும் அங்கு உண்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இயந்திரத்தில் செய்த மலிவான பூட்டுகளின் வரவால் இப்போது தொழில் சுருங்கியுள்ளது.

வகைகள்

கொண்டியும் நாதாங்கியும் உள்ள கதவில் மாட்டுவது தொங்கு பூட்டு. இதை மாற்றத் தச்சர் தேவையில்லை. ஆனால் கொண்டியைத் திருகிய ஆணிகள் வெளியில் தெரிந்தால், பூட்டைத் தொடாமலே கொண்டியைக் கழற்றிவிடலாம். கதவின் உட்புற முகத்தில் பெட்டிபோல் பொருத்துவது ரிம் பூட்டு. கதவுப் பலகையின் ஓரத்தில் குடைந்து உள்ளே இறக்குவது மார்ட்டிஸ் பூட்டு. வட்டத் துளையிட்டுப் பொருத்தும் குமிழ்ப் பூட்டு அறைக்கதவுக்குப் போதுமானது, தலைவாசலுக்குப் போதாது.

உள்ளமைப்பைக் கொண்டு பார்த்தால், சாவிப் பூட்டுகளில் முக்கியமானவை லீவர், சிலிண்டர் என இரண்டு. சிலிண்டரில் பெரும்பாலும் 5 அல்லது 6 முளைகள் இருக்கும்; சாவியை மாற்ற முளைகளை மாற்றினாலே போதும் என்பது அதன் வசதி. தூசியும் கடற்காற்றும் மிகுந்த ஊர்களில், தேக்கு, வேம்பு போன்ற கனத்த கதவுகளுக்கு நல்ல லீவர் பூட்டே ஏற்றது. மார்ட்டிஸ் பூட்டுக்கு ஐ.எஸ். 2209 என்ற இந்தியத் தரநிர்ணயம் உள்ளது.

மாற்ற வேண்டிய சமயம்

வாங்கிய வீட்டிலும் புதிதாக வாடகைக்கு எடுத்த வீட்டிலும் குடியேறும் நாளே முதல் சமயம். கட்டடத் தொழிலாளர், தரகர், முன்பு குடியிருந்தவர் எனப் பலர் கைமாறிய சாவி அது. வாடகை வீடானால் உரிமையாளரிடம் சொல்லி, அவர் ஒப்புதலோடு மாற்ற வேண்டும். சாவி தொலைந்தாலும், வீட்டுச்சாவி இருந்த பை திருடுபோனாலும், சாவி வைத்திருந்த பணியாளர் வேலையை விட்டுச் சென்றாலும் தாமதம் கூடாது. பையில் முகவரி எழுதிய தாளோ அடையாள அட்டையோ இருந்திருந்தால் அன்றே மாற்றுவது நல்லது. திருட்டு முயற்சி நடந்த கதவில், பூட்டு இன்னும் திறந்து மூடினாலும் உள்ளே லீவர் வளைந்திருக்கலாம்.

சாவி பாதியில் சிக்குவது, ஆட்டி ஆட்டித் திருப்ப வேண்டியிருப்பது, பாதி திருப்பிய நிலையிலும் சாவி கழன்று வருவது ஆகியவை தேய்மானத்தின் அறிகுறிகள். ஆயினும் மழைக்காலத்தில் பூட்டைக் குறைசொல்லும் முன் கதவைப் பார்க்க வேண்டும். ஈரத்தில் மரம் உப்பினாலோ கீல் தளர்ந்து கதவு தொங்கினாலோ, தாழ்நாக்கு நிலையில் உள்ள துளைக்கு நேராகப் போகாது. கதவு திறந்திருக்கும்போது சாவி சுலபமாகத் திரும்பி, மூடியபின் மட்டும் சிக்கினால் கோளாறு கதவில்தான். சிக்கும் பூட்டில் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நல்லதல்ல. எண்ணெயில் தூசி படிந்து பிசினாகும். கிராஃபைட் பொடி தூவுவதே முறை. பழைய நகலிலிருந்து எடுத்த நகல் சாவியும் பூட்டைத் தேய்க்கும் என்பதால், மூலச் சாவி ஒன்றை நகலெடுக்க மட்டுமே ஒதுக்கி வைப்பது நல்லது.

மாற்றும் முறை

வேலை முடியும்வரை கதவு திறந்தே இருக்க வேண்டும். சோதிக்காத பூட்டோடு கதவைச் சாத்திவிட்டு வெளியில் நிற்கும்படி ஆவது அடிக்கடி நடக்கிறது.

சிலிண்டரை மட்டும் மாற்றுவது எளிது. கதவின் ஓரத் தகட்டில், சிலிண்டருக்கு நேராக உள்ள ஒற்றை நீளத் திருகாணியைக் கழற்ற வேண்டும். சாவியை நுழைத்து லேசாகத் திருப்பினால், அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கு சிலிண்டருக்குள் அடங்கும். அந்நிலையில் சாவியைப் பிடித்தே வெளியே இழுக்கலாம். அளவு எடுக்கும்போது திருகாணித் துளையின் நடுவிலிருந்து இரு முனைகளுக்கும் தனித்தனியே அளக்க வேண்டும். 30க்கு 30 மில்லிமீட்டரும் 25க்கு 35 மில்லிமீட்டரும் கூட்டினால் 60 என்றாலும் ஒன்றிருக்கும் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. புதிய சிலிண்டர் வெளித்தகட்டுக்குச் சமமாக நிற்க வேண்டும். 3 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தினால் குறடால் பிடித்து முறித்துவிட முடியும்.

பூட்டு முழுவதையும் மாற்றுவதானால், கதவின் விளிம்பிலிருந்து சாவித்துளையின் நடுவரை உள்ள தூரம், பூட்டு உடலின் உயரம், ஓரத் தகட்டின் அகலம், கதவின் கனம் ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ள வேண்டும். பழைய பூட்டையே கழற்றிக் கடைக்கு எடுத்துச் செல்வது இன்னும் நல்லது. குடைந்த பள்ளம் பெரிதாக இருந்தால் மரத்துண்டை ஒட்டி அடைத்துக் காய்ந்தபின்தான் ஆணி இறக்க வேண்டும்.

நிலையில் பொருத்தும் தகட்டைப் பலர் அசட்டை செய்கிறார்கள். கதவை உதைத்துத் திறப்பவர்கள் பூட்டை உடைப்பதில்லை. அந்தத் தகட்டைத்தான் பெயர்க்கிறார்கள். தாழ்நாக்கின் நுனியில் சாக்பீஸ் பூசிக் கதவை மூடிச் சாவியைத் திருப்பினால், நிலையில் படியும் தடமே தகட்டின் இடத்தைக் காட்டும். பெட்டியில் வரும் குட்டைத் திருகாணிகளை விட்டு, நிலையின் மரத்தில் ஆழமாக இறங்கும் 2 முதல் 3 அங்குலத் திருகாணிகளைப் போட வேண்டும்.

அலுவலகமும் கடையும்

தொழிலிடத்தில் சாவிப் பதிவேடு இருந்தால்தான் எந்தப் பூட்டை எப்போது மாற்றுவது என்று தெரியும். பல கதவுகளைத் திறக்கும் மாஸ்டர் சாவி ஒன்று தொலைந்தால், அதற்குக் கட்டுப்பட்ட எல்லாச் சிலிண்டர்களையும் மாற்றியாக வேண்டும். ஷட்டர் போட்ட கடைகளில் நடுப்பூட்டோடு இரு பக்கத் தொங்கு பூட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அவசர வெளியேறு கதவு உள்ளிருந்து சாவியின்றித் திறக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நெறி. அத்தகைய கதவில் கூடுதல் பூட்டு மாட்டுவது தீ விபத்தில் உயிர்களைப் பலிவாங்கும்.

விரல்ரேகை, எண்குறி, கைபேசி வழியே திறக்கும் மின்னணுப் பூட்டுகள் அண்மைக்காலத்தில் பரவிவருகின்றன. இவற்றில் ஆள் மாறினால் பூட்டை மாற்ற வேண்டியதில்லை. பதிவை நீக்கினால் போதும். மின்கலம் தீர்ந்தால் திறப்பதற்கு இயந்திரச் சாவியோ, வெளியிலிருந்து மின்கலம் தொட்டு இயக்கும் வசதியோ உள்ளதையே வாங்க வேண்டும்.