ஈரானின் முதிய விமானங்கள்

எண்ணெய்ச் செல்வம் பெருகியிருந்த 1970களில் ஈரான் ஏர் நிறுவனம் உலகின் முன்னணி விமான நிறுவனங்களோடு ஒப்ப நின்றது. ஒலியினும் விரைந்து செல்லும் கான்கார்டு விமானங்களுக்கு 1972-இல் அது முன்பதிவு செய்தது. அதன் போயிங் 747எஸ்பி விமானங்கள் டெஹ்ரானிலிருந்து நியூயார்க் வரை இடையில் இறங்காமலே பறந்தன. கான்கார்டு கடைசிவரை வந்து சேரவில்லை. வந்து சேர்ந்த போயிங்குகளோ, தம்மை வாங்கிய ஷாவின் ஆட்சி வீழ்ந்த பின்னும் பல்லாண்டுகள் பறக்க நேர்ந்தது. 747எஸ்பி வகையில் கடைசி விமானம் அங்கே ஓய்வு பெற்றது 2016-இல்தான்.

1979 நவம்பரில் டெஹ்ரானிலிருந்த அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. அதன்பின் தொடங்கிய தடைகள் தளர்ந்தும் இறுகியும் 1995-இல் முழு வணிகத் தடையாயின. ஐரோப்பாவின் ஏர்பஸ் நிறுவனத்தை நாடுவதும் தீர்வாகவில்லை. பத்து விழுக்காட்டுக்கு மேல் அமெரிக்க உறுப்புகள் கொண்ட பொருளை ஈரானுக்கு அனுப்ப வாஷிங்டனின் உரிமம் வேண்டும் என்பது விதி. மேலைநாட்டுப் பெரிய பயணிகள் விமானங்களில் என்ஜின் முதல் மின்னணுக் கருவிகள் வரை அமெரிக்கப் பங்கு அதனினும் மிகுதி.

இங்கே விமானப் பராமரிப்பின் இயல்பை நாம் சற்று நோக்கவேண்டும். என்ஜினுக்குள் சுழலும் தட்டுகளின் ஆயுள், அவை எத்தனை முறை மேலெழுந்து இறங்கின என்ற கணக்கால் வரையறுக்கப்படுகிறது. கணக்கு முடிந்ததும், பார்வைக்குப் புதிதாயிருப்பினும் தட்டு கழிக்கப்படும். மாற்றாக வரும் உறுப்பு எங்கே செய்யப்பட்டது, எந்த விமானத்தில் எவ்வளவு உழைத்தது, யார் சோதித்தார் என்பவற்றுக்குத் தொடர்ச்சியான சான்று வேண்டும். சான்று அறுந்த உறுப்பு பழைய இரும்புக்குச் சமம். பராமரிப்பு நூல்களும் ஒருமுறை அச்சிட்டு முடிந்தவை அல்ல. உலகில் எங்கேனும் ஒரு விமானத்தில் விரிசல் கண்டால், அதன் படிப்பினை அடுத்த திருத்தத்தில் எல்லோரையும் சென்றடைகிறது. பெயர்த்தெழுதுவோர் உள்ளவரைதான் சுவடிக்கு வாழ்வு என்பதை அறிந்த நமக்கு இது விளங்காததன்று.

தடைக்காலத்தில் ஈரானியப் பொறியாளர்கள் பல வழிகளைக் கையாண்டனர். ஒரு விமானத்தைத் தரையில் நிறுத்தி அதன் உறுப்புகளை மற்றொன்றுக்குப் பொருத்தினர். இடைத்தரகர்கள் வழியே மிகுந்த விலைக்கு வாங்கினர். இயன்றவற்றைத் தாமே செய்துகொண்டனர். இதில் வியக்கத்தக்க திறன் உண்டு. ஆயினும் தரகர் கொணர்ந்த உறுப்பின் வரலாற்றை முற்ற அறிவது கடினம்.

விபத்துகளைப் பேசுகையில் நாம் நிதானம் தவறக்கூடாது. 2011 ஜனவரியில் உருமியா அருகே ஈரான் ஏரின் போயிங் 727 பனிப்பொழிவினிடையே வீழ்ந்து எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்விமானம் 1974-இல் கட்டப்பட்டது. 2018 பிப்ரவரியில் யாசூஜ் செல்லும் ஆஸெமான் நிறுவனத்தின் ஏடிஆர் விமானம் ஸாக்ரோஸ் மலையில் மோதி, அதிலிருந்த 66 பேரும் மாண்டனர். அது பல ஆண்டுகள் பறக்காமல் நின்று, சில மாதங்களுக்கு முன்னரே மீண்டும் பணிக்கு வந்தது. எனினும் விசாரணை விமானிகளின் முடிவுகளையே முதன்மையாகச் சுட்டியது. இன்ன மரணம் இன்ன தடையால் என்று கோடு கிழிக்க இயலாது. பிழை பொறுக்கும் இடம் குறுகிக்கொண்டே வந்தது என்று மட்டும் சொல்லலாம். 2011 அக்டோபரில் மூக்குச் சக்கரம் இறங்காத ஒரு போயிங் 727ஐ, எவர்க்கும் தீங்கின்றி மெஹ்ராபாத் நிலையத்தில் இறக்கிய விமானி ஹூஷங் ஷாபாஸி, பின்னர் உதிரிபாகத் தடையை நீக்கக் கோரிக் குரலெழுப்பினார்.

தடை விதித்தோர் தரப்பிலும் வாதம் உண்டு. ஈரானிய விமானங்கள் படைக்கலங்களையும் போராளிகளையும் சுமந்தன என்பது அது. 2011-இல் மஹான் ஏர் நிறுவனத்தின்மீது அமெரிக்கா இக்குற்றச்சாட்டின் பேரிலேயே தடை விதித்தது. இவ்வாதத்தை நாம் எளிதில் ஒதுக்க இயலாது. ஆனால் பயணிகள் விமானப் பாதுகாப்புக்கெனத் தனித்தனியே உரிமம் வழங்கும் இடம் அமெரிக்க விதிகளிலேயே இருந்தது. அந்த வாசல் எவ்வளவு திறந்தது என்பது அவ்வப்போதைய அரசியலைப் பொறுத்தது.

2013-இன் ஜெனீவா இடைக்கால உடன்பாட்டுக்குப் பின், 2014-இல் போயிங் நிறுவனம் 1979-க்குப் பிறகு முதன்முறையாக ஈரான் ஏருக்கு விற்பனை செய்தது. விற்றவை கையேடுகளும் வரைபடங்களும் தரவுகளும்; மதிப்பு 1,20,000 டாலர். முப்பத்தைந்தாண்டு இடைவெளிக்குப் பின் முதலில் கைமாறியவை ஏடுகளே என்பது நம் சிந்தனைக்குரியது. 2015-இன் அணு உடன்பாடு கதவை மேலும் திறந்தது. ஏர்பஸ்ஸிடம் 100, போயிங்கிடம் 80, ஏடிஆரிடம் 20 எனக் கேட்டுப் பதிவாயிற்று. 2018 மே மாதம் அமெரிக்கா உடன்பாட்டிலிருந்து விலகியது. இறுதியில் ஈரான் பெற்றவை ஏர்பஸ் மூன்று, ஏடிஆர் பதின்மூன்று. போயிங் ஒன்றுகூட இல்லை.

அவ்வாண்டு டிசம்பரில் துபாயிலிருந்து ஓஸ்லோ சென்றுகொண்டிருந்த நார்வீஜியன் நிறுவனத்தின் புதிய போயிங் 737 மேக்ஸ், கோளாறு காரணமாக ஷிராஸில் இறங்கியது. பயணிகளை மறுநாள் வேறு விமானம் ஏற்றிச் சென்றது. பழுதுற்ற விமானமோ, தடைகளால் உறுப்பு வருவது சிக்கலாகி, இரண்டு மாதங்களுக்கு மேல் அங்கேயே நின்றது. நார்வேப் பயணிகளுக்கு மாற்று விமானம் வந்தது. யாசூஜுக்குச் சீட்டு வாங்கும் ஈரானியருக்கு அத்தகைய மாற்று இல்லை. மருந்தைத் தடையிலிருந்து விலக்கிவைக்க வேண்டுமென்று வற்புறுத்தும் உலகம், உயிர் காக்கும் உதிரிபாகத்தையும் அதே தட்டில் வைத்து நிறுக்கவேண்டும் என்பதே நம் கருத்து.