வருமானம்: இல்லை

2016இல் அம்மாவை ஒரு மினி லாரி இடித்தது. வலது தோள்பட்டை எலும்பு உடைந்து, கையை முழுசாகத் தூக்க முடியாமல் போனது. இழப்பீட்டுக்கு எம்.சி.ஓ.பி. மனு போட வக்கீல் ஆபீசுக்குப் போனோம். ஜூனியர் எழுதிக்கொண்டே, "அம்மா என்ன வேலை பாக்குறாங்க சார்?" என்றார். அப்பா யோசிக்கவே இல்லை.

"வேலைக்கெல்லாம் போகல. வீட்ல சும்மாதான் இருக்கா."

நானும் தலையாட்டினேன்.

கணக்கு எளிது. ஆண்டு வருமானம், வயதுக்கான பெருக்கு எண், நிரந்தர ஊனத்தின் சதவீதம். மூன்றையும் பெருக்கினால் வருமான இழப்பு. 2009இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த பட்டியலின்படி, அம்மாவின் 52 வயதுக்குப் பெருக்கு எண் 11. கோடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு மிச்சத்தைச் சொல்லித் தரவேண்டியதில்லை. முதல் எண் பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம். ஆஸ்பத்திரிச் செலவும் வலிக்கான தொகையும் தனியாகக் கிடைக்கும். அந்தக் கை செய்த வேலைக்கு ஒன்றும் இல்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். இந்தப் பூஜ்யத்தோடு நீதிமன்றங்கள் பல வருஷமாக மல்லுக்கட்டியிருக்கின்றன.

1994இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த இரண்டாம் அட்டவணை, வருமானம் இல்லாதவருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளச் சொன்னது. சம்பாதிக்காத மனைவி என்றால் கணவன் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது கலெக்டர் வீட்டு இட்லிக்கு ஒரு விலை, வாட்ச்மேன் வீட்டு இட்லிக்கு வேறு விலை.

1989 மார்ச் 3 அன்று ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல் நிறுவனர் நாள் விழாவில் தீப்பிடித்துப் பெண்களும் குழந்தைகளும் இறந்தார்கள். அந்த லதா வாத்வா வழக்கில், 2001இல், இல்லத்தரசியின் உழைப்பை மாதம் 3,000 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் மதிப்பிட்டது. 2009இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பிரபா ஸ்ரீதேவன், சம்பளமில்லாத வீட்டு வேலையை முறையாக மதிப்பிட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எழுதினார். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் இன்னொன்றைச் சுட்டிக்காட்டியது: 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு சேர்த்து 'உழைக்காதவர்கள்' பட்டியலில் வைத்திருந்தது.

அப்பா சொன்ன 'சும்மா' அரசாங்கத்தின் பட்டியலிலும் இருந்திருக்கிறது.

மறுநாள் அம்மாவின் நாளை, காலை 5 மணியில் தொடங்கி, எக்செல்லில் அடித்தேன். 23 வரி வந்தது. "இதெல்லாம் எதுக்குடா எழுதுற?" என்றாள். வக்கீல் மனுவில் 'இல்லத்தரசி' என்று திருத்தி, ஒரு தொகையும் போட்டார்.

2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில் நீதிபதி ரமணா ஒரு அரசாங்க ஆய்வை எடுத்துக் காட்டினார். சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் சராசரியாகச் செலவிடுவது 299 நிமிடம், ஆண்கள் 97. எங்கள் வழக்கிலும் அந்த வருஷம்தான் தீர்ப்பு வந்தது. மாதம் 6,500 ரூபாய் என்று கணக்கிட்டிருந்தார்கள்.

வாசித்துக் காட்டினேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்போ முப்பது வருஷத்துக்கு எவ்வளவுடா ஆச்சு?"

அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.