கள்ளியைத் தின்ற பூச்சியும் பப்பாளியைக் காத்த குளவியும்

சாத்தான்குளம் என்றதும் நினைவுக்கு வருவது செம்மண் தேரியும் முருங்கைத் தோட்டங்களும்தான். திருச்செந்தூர் போகும் வழியில் குதிரைமொழித் தேரிப் பக்கம் வண்டியை நிறுத்தினால் பனைக்கு நடுவே சப்பாத்திக்கள்ளி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கண்ணில் படும். அதன் சிவப்புப் பழத்தை முள் நீக்கித் தின்று நாக்கைச் சிவக்க வைத்துக்கொள்ளாத பிள்ளைகள் கிராமத்தில் குறைவு.

இந்தக் கள்ளி நம்ம ஊர்ச் செடி இல்லை! அமெரிக்காக் கண்டத்திலிருந்து வந்தது. ஒரு காலத்தில் தென்னிந்தியாவின் வறண்ட நிலங்களில் ஏக்கர் ஏக்கராகப் புதர் மண்டி, மேய்ச்சலையும் பயிரையும் விழுங்கியது. அதை ஒழித்தது அரிவாளோ தீயோ அல்ல, ஒரு பூச்சி.

சாயத்துக்காக வந்த பூச்சி

18-ம் நூற்றாண்டில் காச்சினீல் என்ற சிவப்புச் சாயத்துக்கு ஐரோப்பாவில் பெரும் கிராக்கி. கள்ளியில் வளரும் ஒரு பூச்சியிலிருந்து எடுக்கும் சாயம் அது. வியாபாரம் முழுக்க ஸ்பெயின் கையில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அதில் ஒரு கண். சென்னையில் கம்பெனியின் டாக்டராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டுவிட்டுப் பூச்சிக்காகக் காத்திருந்தார். 1795-ல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்தும் சேர்ந்தது. ஆனால் வந்தது வேறு இனம். சாயம் மட்டமாக இருந்ததால் வியாபாரம் படுத்துவிட்டது.

பூச்சி மட்டும் சும்மா இருக்கவில்லை. ஒரு வகைக் கள்ளியை அழித்துக்கொண்டே போனது. இதைக் கண்டு 1836-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தென்னிந்தியாவில் அதை வேண்டுமென்றே பரப்பினார்கள். ஒரு செடியை அடக்க ஒரு பூச்சியை ஏவியதில் உலகின் முதல் முயற்சிகளில் ஒன்று இது. இன்னொரு வகைக் கள்ளி அதற்கு மசியவில்லை. அதற்காக 1926-ல் இலங்கையிலிருந்து வேறொரு காச்சினீல் இனம் கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளில் புதர்கள் சரிந்தன.

இன்றும் வெள்ளைப் பஞ்சு போல் செடியில் ஒட்டும் மாவுப்பூச்சிக்குக் கள்ளிப்பூச்சி என்று ஒரு பெயர் உண்டு. பூச்சியியலில் இரண்டும் நெருங்கிய உறவுதான்.

2008: வெள்ளைப் படை

அந்த உறவுக்காரர்களில் ஒன்று 2008-ல் தமிழ்நாட்டுக்கு வந்தது, இந்த முறை எதிரியாக. அதன் பெயர் பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் அதன் தாயகம். அங்கே அது பெரிய தொல்லை இல்லை, அதைத் தின்னும் எதிரிகள் அங்கே உண்டு. அந்த எதிரிகளை விட்டுவிட்டு அது மட்டும் கடல் தாண்டியதுதான் வினை. கோயம்புத்தூரில் முதலில் தென்பட்டு, ஈரோடு, திருப்பூர் என்று பரவியது.

பப்பாளிப் பழம் தாவரவியல் கணக்கில் ஒரு பெர்ரி. மரம் ஆண்டு முழுக்கப் பூத்துக்கொண்டே இருக்கும், அதனால் பூச்சிக்குச் சாப்பாட்டுப் பஞ்சமே இல்லை. இளந்தளிரிலும் பூவிலும் சாற்றை உறிஞ்சியதில் இலை சுருங்கிப் பூ உதிர்ந்தது. பூச்சி கழிக்கும் தேன் போன்ற கழிவில் கரும்பூஞ்சை படர்ந்தது. காயின் மேல் வெள்ளை அப்பிக்கொள்ள, விற்கவும் முடியவில்லை, பால் எடுக்கவும் முடியவில்லை. மரவள்ளி, பருத்தி, மல்பெரி என்று எதையும் அது விடவில்லை.

விவசாயிகள் மருந்து அடித்தார்கள். பூச்சியின் உடம்பில் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து ஒட்டவில்லை. மாறாக, அதைத் தின்ன வந்த பொறிவண்டுகளும் ஸ்பால்ஜிஸ் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுக்களும் செத்தன. மல்பெரிக்காரர்கள் பாடு இன்னும் மோசம். மருந்து அடித்த இலையைப் போட்டால் பட்டுப்புழு சாகும், அடிக்காவிட்டால் இலையே இருக்காது!

ஒரு மில்லிமீட்டர் குளவி

அமெரிக்க வேளாண் துறை இதே பூச்சியை ஏற்கனவே குவாம், பலாவு தீவுகளில் சின்னக் குளவிகளை விட்டு அடக்கியிருந்தது. அதில் முக்கியமானது அசிரோபேகஸ் பப்பாயே. ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. பெண் குளவி மாவுப்பூச்சிக் குஞ்சின் உடலுக்குள் முட்டை வைக்கும். உள்ளே பொரிக்கும் புழு பூச்சியைத் தின்று தீர்த்து, வெறும் கூட்டை விட்டுக் குளவியாக வெளியே வரும். மனிதரைக் கொட்டாது.

2010 ஜூலையில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகள் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் வேளாண் பூச்சிகள் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தன. நல்ல பூச்சிகளைத் தொடுமா என்று அடைத்து வைத்துச் சோதித்தார்கள். பிறகு தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி விவசாயிகளிடம் கொடுத்தது. தாமிரபரணிக் கரையில் கிள்ளிகுளத்தில் இருக்கும் கல்லூரி இதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததுதான். நிபந்தனை ஒன்றே: குளவி விட்ட தோட்டத்தில் மருந்து அடிக்கக் கூடாது. கண்ணெதிரே பயிர் போகும்போது தெளிப்பானைக் கீழே வைப்பது லேசான காரியமா? நம்பி வைத்தவர்கள் சில மாதங்களில் பலனைக் கண்டார்கள். 2011-க்குள் வெள்ளைப் படை பெருமளவு அடங்கியது.

லாபம் யாருக்கு?

2014-ல் வெளியான பொருளாதார ஆய்வு ஒன்று, இதனால் இந்தியாவுக்கு 5 ஆண்டுகளில் கிடைக்கும் நன்மை 52 கோடி முதல் 134 கோடி டாலர் வரை என்று கணக்கிட்டது. ஆனால் இந்தக் குளவியை எந்தக் கம்பெனியும் பாட்டிலில் அடைத்து விற்க முடியாது. ஒருவர் தோட்டத்தில் விட்டால் பறந்து போய்ப் பக்கத்துக்காரர் தோட்டத்தையும் இலவசமாகக் காக்கும். லாபம் எல்லோருக்கும் போகிற சரக்கில் முதல் போட வியாபாரி வரமாட்டான். அதனால்தான் இந்த வேலையை அரசும் பல்கலைக்கழகமும் செய்ய வேண்டியிருக்கிறது.

விவசாயி செய்ய வேண்டியது வாரம் ஒருமுறை தளிரையும் பூக்காம்பையும் இலையின் அடிப்பக்கத்தையும் புரட்டிப் பார்ப்பது. எறும்பு வரிசையாக மரம் ஏறினால் மேலே மாவுப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அந்தத் தேனுக்காகத்தான் எறும்பு அதைக் காவல் காக்கும். வரப்பில் பார்த்தீனியமும் துத்தியும் இருந்தால் பிடுங்கிப் போட வேண்டும், பூச்சி தங்குவது அங்கேதான். இத்தனையும் பார்த்த பிறகு மருந்துக் கடைக்குப் போகலாமா என்று யோசித்தால் போதும்.