மர மேசைகளில் செய்தோர் முத்திரை

மேசையைச் செய்த தச்சரோ பட்டறையோ தொழிற்சாலையோ தன் அடையாளமாக மரத்தில் பதிக்கும் பெயர், எழுத்து, சின்னம் ஆகியவை செய்தோர் முத்திரை எனப்படும். இரும்பு அச்சால் அடித்தது, சூட்டுக்கோலால் பொசுக்கியது, மையால் பதித்தது, ஒட்டுப்படம், காகிதச் சீட்டு, பித்தளைத் தகடு என்று அது பல வடிவங்களில் வரும். பழைய மேசை ஒன்றின் ஊரையும் காலத்தையும் அறிய முதலில் கைகொடுப்பது இதுதான். ஆளைத் தவறான வழியில் இழுத்துச் செல்வதும் பெரும்பாலும் இதுவே. முத்திரையே இல்லாத பழைய மேசைகள்தாம் மிகுதி என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

விருந்தாளியின் கண்ணில் படும் இடத்தில் முத்திரை வைப்பது அரிது. மேசையைக் கவிழ்த்துத்தான் பார்க்க வேண்டும். பலகையின் அடிப்புறம், கால்களை இணைக்கும் சட்டத்தின் உட்பக்கம், காலின் உள்முகம் ஆகியவற்றை முதலில் பார்க்கலாம். இழுப்பறை இருந்தால் அதன் முன்பலகையின் மேல்விளிம்பையும், இழுப்பறையை வெளியே எடுத்தபின் தெரியும் கூட்டையும் விடக்கூடாது. நீட்டி விரிக்கும் சாப்பாட்டு மேசையானால் முழுக்க இழுத்துவிட்டுத் தேட வேண்டும். டார்ச்சை நேராக அடிக்காமல் மரத்தை ஒட்டிச் சாய்வாகப் பிடித்தால், பாலிஷ் ஏறி மங்கிப்போன எழுத்தும் நிழல் விழுந்து எழுந்து நிற்கும்.

பாரிஸ்

முத்திரை கட்டாயமாக இருந்த இடம் 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸ். அந்நகரத்து மரவேலைக் கைவினைஞர் சங்கம் 1743இல் வகுத்த விதிகள் 1751இல் முறையாகப் பதிவாயின. சங்கத்தில் மாஸ்டர் தகுதி பெற்ற ஒவ்வொரு தச்சரும் தன் பெயர் பொறித்த இரும்பு அச்சைப் பொருளில் அடிக்க வேண்டும். சங்கத்தின் சோதனையாளர்கள் பட்டறைக்கு வந்து பார்த்துத் தரம் சரியென்றால் ‘ஜே.எம்.இ.’ என்னும் மூன்றெழுத்தை அடிப்பார்கள். 1791இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு கைவினைஞர் சங்கங்களையே கலைத்துவிட்டது. ஆக, உண்மையான ‘ஜே.எம்.இ.’ ஒன்று கிடைத்தால் மேசையின் காலம் அரை நூற்றாண்டுக்குள் அடங்கிவிடும். அரண்மனைக்காக வேலை செய்தவர்களுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு இருந்தது. எனவே மிக உயர்ந்த மேசை மொட்டையாக இருப்பதும், நடுத்தர மேசை இரண்டு முத்திரையோடு இருப்பதும் அங்கே இயல்பு.

பெயர் தெளிவாக இருந்தாலும் ஆண்டு வழுக்கும். பாரிஸ் தச்சர் ழான் பிரான்சுவா எபென் 1763இல் இறந்தார். அவருடைய மனைவி பட்டறையை மூடவில்லை. அங்கே வேலை செய்த ழான் ஆன்றி ரீஸ்னெர் அந்த அம்மையாரை மணந்து, 1768இல் மாஸ்டர் தகுதி பெற்றார். அதுவரை பட்டறையிலிருந்து வெளிவந்தவற்றில் எபெனின் அச்சுத்தான் விழுந்தது. இறந்தவரின் பெயரோடு மேசைகள் ஐந்தாண்டு பிறந்துகொண்டிருந்தன என்று சொல்லலாம். இதற்கு மேல், பழுதுபார்க்க எடுத்துக்கொண்ட தச்சரும் தம் அச்சை அடிப்பதுண்டு, விற்ற வணிகரும் அடிப்பதுண்டு. முதலெழுத்துகள் மட்டும் இருந்தால் இன்னும் கடினம்: ‘பி.வி.ஆர்.பி.’ என்ற நான்கெழுத்து பெர்னார் வான் ரிசன்பர்க் என்ற தச்சரைக் குறிக்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டுகொள்ள 1950கள் வரை ஆயிற்று.

இங்கிலாந்து

இங்கிலாந்தில் அப்படிக் கட்டாயம் ஏதுமில்லை. பெயரை விளம்பரமாக நினைத்தவர்களே அடித்தார்கள். அவர்களில் முதன்மையானது லாங்காஸ்டர் நகரத்து கில்லோஸ் நிறுவனம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ‘கில்லோஸ் லாங்காஸ்டர்’ என்னும் அச்சைப் பெரும்பாலும் இழுப்பறையின் முன்பலகை மேல்விளிம்பில் அடித்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெயர் ‘கில்லோ அண்ட் கோ’ என்று ஒருமையாயிற்று. கூடவே ‘எல்’ என்ற எழுத்தோடு தொடர் எண்ணும் வரத் தொடங்கியது. இந்நிறுவனத்தின் மதிப்பீட்டு வரைபடக் குறிப்பேடுகள் 1784 முதல் தொடர்ச்சியாக இருக்கின்றன. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆவணக் காப்பகத்தில் உள்ள அவற்றில் மேசையின் படமும், செலவான மரத்தின் கணக்கும், பல நேரம் வேலை செய்த ஆளின் பெயரும் கிடைக்கும். அச்சும் குறிப்பேடும் ஒத்துப்போகும் மேசைக்கு வேறு சாட்சி வேண்டாம்.

1842க்கும் 1883க்கும் இடையில் பதிவான பிரிட்டிஷ் வடிவமைப்புகள் சாய்சதுர வடிவிலான குறியைத் தாங்கின. அதன் மூலைகளில் ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றுக்கான சங்கேதங்கள் இருக்கும். 1867 வரை ஆண்டெழுத்து மேல்மூலையில். 1868 முதல் அது வலப்பக்கம் மாறியது. 1884இலிருந்து சாய்சதுரம் போய், ஒன்றில் தொடங்கும் பதிவு எண் வந்தது. இவை சொல்வது வடிவமைப்பைப் பதிந்த நாளை மட்டுமே. அதே வடிவில் மேசை பத்தாண்டு கழித்தும் செய்யப்பட்டிருக்கலாம். முன்பு மட்டும் செய்யப்பட்டிருக்க முடியாது.

ஸ்டிக்லி சகோதரர்கள்

முத்திரையை வைத்து ஆண்டு பிரிப்பதற்கு அமெரிக்காவின் குஸ்தாவ் ஸ்டிக்லியைப் போல வசதியான எடுத்துக்காட்டு வேறில்லை. நியூயார்க் மாநிலத்து சிரக்யூஸ் நகரை ஒட்டிய ஈஸ்ட்வுட்டில் அவருடைய தொழிற்சாலை இருந்தது. அலங்காரம் துறந்த, கனத்த ஓக் மேசைகளை 1900 முதல் அவர் செய்தார். முத்திரையாகத் தச்சரின் கவராயத்தை எடுத்துக்கொண்டார். அதன் நடுவே ‘ஆல்ஸ் இக் கான்’ என்னும் பழைய பிளெமிஷ் தொடர். ‘என்னால் இயன்றபடி’ என்று பொருள். ஓவியர் யான் வான் ஐக் தன் படங்களில் எழுதிய வாசகம் அது.

1902 வாக்கில் வந்த சிவப்பு ஒட்டுப்படத்தில் கவராயத்தின் கீழ்க் கட்டத்துக்குள் ‘ஸ்டிக்லி’ என்ற குடும்பப் பெயர் மட்டும் இருக்கும். 1904 அளவில் ‘குஸ்தாவ் ஸ்டிக்லி’ என்று முழுக் கையெழுத்தாயிற்று. 1912 வாக்கில் ஒட்டுப்படம் போய்ச் சூட்டுக்கோல் வந்தது. கருப்பாகப் பொசுங்கிய கவராயம் கடைசிக் கால மேசைகளின் அடையாளம். 1915இல் நிறுவனம் திவாலாகி, அடுத்த சில ஆண்டுகளில் தொழிற்சாலை தம்பிகளின் கைக்குப் போனது. இவற்றோடு காகிதச் சீட்டும் ஒட்டியிருந்தால் அதில் மாதிரி எண் இருக்கும். நிறுவனம் வெளியிட்ட விலைப்பட்டியல்களில் அந்த எண்ணைத் தேடலாம்.

பெயரைப் பார்த்து மயங்கியவர்கள் இங்கேதான் அகப்படுவார்கள். ஸ்டிக்லிகள் ஐந்து பேர். ஐவருமே மரச்சாமான் தொழிலில் இருந்தவர்கள். லியோபோல்டும் ஜான் ஜார்ஜும் பயட்வில் நகரில் ‘எல். அண்ட் ஜே.ஜி. ஸ்டிக்லி’ நடத்தினார்கள். அவர்களுடைய முத்திரையில் பொதுவாகக் கவராயம் இராது. 1906 முதல் சில ஆண்டுகள் மரத்திருகுப் பிடியின் படமும் ‘ஹேண்ட்கிராப்ட்’ என்ற சொல்லும் இருந்தன. கிராண்ட் ராபிட்ஸில் ஆல்பர்ட் ‘ஸ்டிக்லி பிரதர்ஸ்’ பெயரில் ‘குவெய்ண்ட்’ வகைச் சாமான்களை விற்றார். அண்ணன் பெயரைத் தம்பிகளின் மேசைக்குச் சூட்டி விலை ஏற்றுவது விற்பனையாளர்களின் பழைய வழக்கம். 1988இல் குஸ்தாவின் சொந்த வீட்டிலிருந்த பக்கமேசை ஒன்றைப் பாடகி பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் 3,63,000 டாலருக்கு ஏலத்தில் எடுத்தார் என்றால் ஆசைக்குக் காரணம் புரியும். அதற்கு அடுத்த ஆண்டே, புதிய உரிமையாளர்களிடம் இருந்த எல். அண்ட் ஜே.ஜி. நிறுவனம் பழைய வடிவங்களை மறுபடியும் செய்து விற்கத் தொடங்கியது. அவை போலியல்ல, ஆனால் நூறாண்டுப் பழசும் அல்ல.

போர்க்கால முத்திரையும் எலியும்

ஆண்டை முத்திரையே எழுதிக் காட்டியும் தவறாகப் படிக்கப்படுவது பிரிட்டனின் ‘சிசி41’. ரெஜினால்ட் ஷிப் வரைந்த இதில் இரண்டு ‘சி’ எழுத்தும், ஒரு பக்கம் வெட்டி எடுத்த வட்டப் பாலாடைக்கட்டி போலிருக்கும். ‘இரண்டு பாலாடைக்கட்டி’ என்பதே மக்களிடையே அதன் பெயர். 41 என்பது 1941. அந்த ஆண்டில் உடைகளுக்காக வந்த குறி அது. இரண்டாம் உலகப் போரில் மரம் கிடைக்காமல், குண்டுவீச்சில் வீடிழந்தவர்களுக்கும் புதிதாக மணம் முடித்தவர்களுக்கும் மட்டும் அனுமதிச் சீட்டின் பேரில் சாமான் தரும் திட்டம் வந்தபோது, அதே குறி மேசை நாற்காலிக்கும் சென்றது. முதல் மரச்சாமான் பட்டியல் வெளியானது 1943 தொடக்கத்தில். திட்டம் முடிந்தது 1952இல். ஆகவே இந்தக் குறியுள்ள மேசை 1941இல் செய்ததாக இருக்கவே முடியாது. இது செய்தவரின் முத்திரையும் அல்ல, அரசின் முத்திரை. ஒரே வரைபடத்தை நாடெங்கும் பல பட்டறைகள் செய்துகொடுத்தன.

எழுத்தே இல்லாத முத்திரையும் உண்டு. யார்க்ஷயரின் கில்பர்ன் ஊர்த் தச்சர் ராபர்ட் தாம்சன் (1876–1955) தன் ஓக் மேசைகளின் காலில் சிறிய எலி ஒன்றைச் செதுக்கிவிடுவார். தேவாலய எலியைப் போல நாம் வறியவர்கள் என்று உடன் வேலை செய்தவர் சொன்ன பேச்சிலிருந்து எலி பிறந்ததாகச் சொல்லப்படுகிறது. தொடக்க கால எலிகளுக்கு முன்னங்கால் உண்டு. ஒடிந்துபோகிறது என்று 1930 வாக்கில் அதைக் கைவிட்டார்கள். பட்டறை இன்றும் எலியோடு நடக்கிறது.

வேறொருவர் பெயர்

மேசையில் இருக்கும் பெயரெல்லாம் மேசை செய்தவர் பெயரன்று. அமெரிக்காவின் நீட்டும் மேசைகளுக்கு அடியில் நகரும் சட்டங்களில் ‘வாட்டர்டவுன்’ என்ற பெயர் அடிக்கடி தென்படும். விஸ்கான்சின் மாநிலத்தில் அந்தச் சட்டங்களை மட்டும் செய்து பல தொழிற்சாலைகளுக்கு விற்ற நிறுவனம் அது. பூட்டு, சக்கரம், கீல் ஆகியவற்றில் உள்ள பெயரும் காப்புரிமைத் தேதியும் இப்படித்தான். தேதி அந்த உறுப்புக்கு உரியது. மேசை அதற்குப் பிந்தியது என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது.

நாட்டின் பெயர் சில நேரம் நிறுவனத்தின் பெயரைவிட உதவும். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்தது. வியன்னாவின் தோனெட் நிறுவனத்து வளைமர மேசையில் ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்று கண்டால், அந்த நாடு பிறந்த 1918க்கு முன் அதை வைக்க வழியில்லை.

இந்தியாவில் அரசு அலுவலக மேசைகளில் வண்ணத்தால் எழுதிய எண்கள் சொல்வது உடைமையாளரை. சண்டிகர் நகரத்துக்காகக் கட்டடக் கலைஞர் பியேர் ழானெரே வடிவமைத்த தேக்கு மேசைகளில் உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம் என்று எந்தக் கட்டடத்துக்கு உரியவை என்ற சுருக்கெழுத்தும் எண்ணும்தான் இருக்கின்றன. நம் ஊர் அலுவலகங்களில் யாரும் மதிக்காத இருப்பு எண்ணே வெளிநாட்டு ஏலத்தில் சான்றாக ஏறியது. இப்போது அந்த எண்ணையும் போலியாக எழுதுகிறார்கள். இந்த மரச்சாமான்களின் விற்பனைக்கு மத்திய அரசு 2011இல் தடை விதித்தது.

மரத்தின் சாட்சி

முத்திரையை மரத்தோடும் இரும்போடும் ஒப்பிட்டுப் பார்த்தபிறகே ஏற்க வேண்டும். மேற்கத்திய மேசைகளில், அடிப்புறத்தில் வில்போல் வளைந்த ரம்பக் கீறல்கள் தெரிந்தால் அது வட்ட ரம்பம். 19ஆம் நூற்றாண்டில்தான் அது பரவியது. கையால் அறுத்த பலகையில் கீறல் நேராகவும் இடைவெளி ஒழுங்கற்றும் இருக்கும். முனை கூரான இயந்திரத் திருகாணி 1840களுக்குப் பிந்தியது. தலையில் கூட்டல் குறி வெட்டிய திருகாணி 1930களில் வந்தது. 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் பெயருக்குப் பக்கத்தில் கூட்டல் குறித் திருகாணி இருந்தால், ஒன்று பிற்காலத்தில் பழுதுபார்த்திருக்கிறார்கள் அல்லது பெயர் பொய். சுற்றியுள்ள மரம் கறுத்து, அச்சின் பள்ளம் மட்டும் வெளிறி இருந்தாலும் சந்தேகப்படலாம்.

பழைய மேசையை வாங்கியதும் மணல்தாளும் பாலிஷும் எடுத்துக்கொண்டு உட்காருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மேல்பலகையை என்ன செய்தாலும் அடிப்புறத்தைத் தொடாதீர்கள். அழுக்கென்று தேய்த்துக் கழுவும் இடத்தில்தான் காகிதச் சீட்டின் பாதியோ, பென்சிலில் எழுதிய தச்சரின் பெயரோ ஒட்டிக்கொண்டிருக்கும். முதலில் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.