பட்டியலில் இல்லாத பெயர்

1950-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஆல் அபௌட் ஈவ்’ என்ற அமெரிக்கப் படத்தை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். நாடக மேடையில் புகழ் பெறுவதற்காக எதையும் செய்யத் துணிந்த ஓர் இளம் பெண்ணின் கதை அது. அப்படம் 14 அகாடமி விருதுகளுக்குப் பரிந்துரைக்கப்பெற்று, 6 விருதுகளை வென்றது. அதில் ஒரு விருந்துக் காட்சி வருகிறது. பரிசு பெற்ற ஈவ் என்ற அந்தப் பெண்ணைச் சுற்றிப் பலர் கூடி நிற்கின்றனர். அவர்களுள் உயரமான ஓர் அம்மையார், நேர்த்தியான உடையணிந்தவர், அருகே வந்து ஈவைப் பாராட்டிவிட்டு விலகிச் செல்கிறார். அவ்வளவுதான், கண்மூடித் திறப்பதற்குள் காட்சி மாறிவிடுகிறது.

முதன்முறை அப்படத்தைப் பார்த்தபோது நான் அந்த அம்மையாரைக் கவனிக்கவே இல்லை. பெட் டேவிஸ், ஆன் பாக்ஸ்டர் ஆகியோரின் நடிப்பிலேயே என் கருத்து முழுவதும் சென்றுவிட்டது. பின்னர் அவரைப் பற்றிப் படித்து அறிந்தபின், அவர் ஒருவரைக் காண்பதற்காகவே மீண்டும் ஒருமுறை பார்த்தேன். படத்தின் பெயர்ப் பட்டியலையும் பார்த்தேன். அதே படத்தில் ஒரு சிறிய வேடத்தில் தோன்றும் மரிலின் மன்றோவின் பெயர் அதில் இருக்கிறது. இந்த அம்மையாரின் பெயரோ இல்லை.

அவர் பெயர் பெஸ் ஃபிளவர்ஸ். 1898-ஆம் ஆண்டு டெக்ஸாஸ் மாநிலத்தில் ஷெர்மன் என்னும் ஊரில் பிறந்தவர். 1923 முதல் 1964 வரை, 41 ஆண்டுகள் ஹாலிவுட்டில் நடித்தவர். முழுநீளப் படங்கள் மட்டுமே 350-க்கு மேல். அவற்றோடு நகைச்சுவைக் குறும்படங்கள் பல. மிகப் பெரும்பாலானவற்றில் அவர் பெயர் திரையில் காட்டப்படவில்லை. இந்தப் பெயரற்ற தொழிலின் வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அவர் முதன்முதலாகத் தோன்றிய படத்தின் பெயரே ‘ஹாலிவுட்’ என்பது. நட்சத்திரமாகும் ஆசையோடு அந்நகருக்கு வந்து, அது நிறைவேறாமற் போன ஒரு பெண்ணைப் பற்றிய கதை. அப்படத்தின் பிரதி இன்று உலகில் எங்கும் கிடைக்கவில்லை. ஆனால் அக்கதை அன்று கற்பனை அன்று; கண்கூடான உண்மை. நாட்டின் மூலை முடுக்குகளிலிருந்து இளைஞர்களும் யுவதிகளும் திரளாக வந்து ஸ்டூடியோக்களின் வாயிலில் காலை முதல் காத்துக் கிடந்தனர். வேலை தேடித் தருவதாகச் சொல்லி அவர்களிடம் தரகுப் பணம் பறித்த ஏஜெண்டுகள் பலர். இந்த முறைகேடுகள் பெருகவே, 1925-ஆம் ஆண்டின் இறுதியில் படத் தயாரிப்பாளர் சங்கம் ‘சென்ட்ரல் காஸ்டிங்’ என்ற பொது நிலையத்தை ஏற்படுத்தியது. அதன் செலவை ஸ்டூடியோக்களே ஏற்றன; நடிகர் தரகு கொடுக்க வேண்டியதில்லை.

வாயிலில் காத்திருந்தவர்கள் இப்போது தொலைபேசியருகே காத்திருக்கத் தொடங்கினர். நாள்தோறும் மாலையில் நிலையத்தை அழைத்துத் தம் பெயரைச் சொல்வார்கள். பெரும்பாலும் கிடைக்கும் விடை, வேலை இல்லை என்பதே. வேலைகளின் எண்ணிக்கையைவிடப் பதிவு செய்துகொண்டவர்களின் எண்ணிக்கை எப்போதும் மிகுந்திருந்தது. ஆதலால் கூலி நியாயமாகக் கிடைத்தபோதிலும், அதைக் கொண்டு வயிறு வளர்க்க இயன்றவர்கள் மிகச் சிலரே.

அந்தச் சிலருள் ஒருவராக பெஸ் ஃபிளவர்ஸ் எவ்வாறு நிலைத்து நின்றார்? அதற்குக் காரணம் அவருடைய உடைப் பெட்டி என்றால் நீங்கள் வியப்படையலாம். எக்ஸ்ட்ரா நடிகர்களுள் ‘டிரெஸ் எக்ஸ்ட்ரா’ என்று ஒரு வகுப்பினர் உண்டு. அரங்கு, விருந்து, நடனசாலை முதலிய காட்சிகளில் செல்வர்களாகத் தோன்றுவோர் இவர்கள். மாலை நேர உடைகளையும் அணிகலன்களையும் தம் சொந்தச் செலவில் வாங்கிக் கொண்டுவர வேண்டும். அதற்கேற்ப நாட்கூலி சற்று மிகுதி. பெஸ் ஃபிளவர்ஸ் தேர்ந்த ரசனையோடு உடைகளைச் சேர்த்து வைத்திருந்தார். உயரமும் கம்பீரமும் இயல்பாகவே அமைந்திருந்தன. ஆகவே, திரையில் செல்வக் குடும்பத்துப் பெண்மணி வேண்டுமென்றால் அவரை அழைத்தார்கள். கூலிக்கு உழைத்தவர், வாழ்நாள் முழுவதும் திரையில் சீமாட்டியாகவே வாழ்ந்தார்!

இத்தொழிலில் திறமைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். விருந்துக் காட்சி ஒன்றை எண்ணிப் பாருங்கள். முன்னால் கதாநாயகன் பேசும்போது, பின்னால் இருப்பவர்கள் உரையாடுவதுபோல் உதடுகளை மட்டும் அசைக்க வேண்டும். ஓசை எழுந்தால் மைக்கில் பதிந்துவிடும். நடனமாடுவோர் இசை நின்றபின்னும் தாளம் தவறாமல் ஆட வேண்டும். ஒரே காட்சியைப் பத்து முறை எடுத்தாலும் அதே இடத்தில் திரும்பி, அதே கணத்தில் கோப்பையை எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நட்சத்திரத்தின் மீதுள்ள பார்வையைத் தம் பக்கம் இழுத்துவிடக் கூடாது. காண்பவர் கவனிக்காமல் இருப்பதே இந்த நடிப்பின் வெற்றி. கவனிக்கப்படாத திறமைக்குப் பாராட்டு எங்கிருந்து வரும்?

அக்காலத்தில் முக்கிய வேடதாரிகளின் பெயர்களையே படத்தின் தொடக்கத்தில் காட்டினார்கள். இறுதியில் நீண்ட பட்டியல் காட்டும் வழக்கம் 1970-களில்தான் பரவியது. அதிலும் கூட்டத்தில் நிற்பவர்களுக்குப் பொதுவாக இடமில்லை. 1929-ஆம் ஆண்டு மே மாதம் நடந்த முதல் அகாடமி விருது விழாவில் சிறந்த நடிகர் பரிசு எமில் யானிங்ஸுக்குக் கிடைத்தது. அவருக்கு அப்பரிசைத் தேடித்தந்த இரு படங்களுள் ஒன்று ‘தி லாஸ்ட் கமாண்ட்’. அதில் அவர் ஏற்ற வேடம் என்ன தெரியுமா? ரஷ்யச் சக்கரவர்த்தியின் படைத்தளபதியாக இருந்து, புரட்சிக்குப் பின் ஹாலிவுட்டில் எக்ஸ்ட்ரா நடிகராகப் பிழைக்கும் முதியவரின் வேடம். எக்ஸ்ட்ராவாக நடித்த நட்சத்திரத்துக்கு உலகப் புகழ் வந்தது. உண்மையான எக்ஸ்ட்ராக்களின் நிலைமை மாறவில்லை.

நடிகர் சங்கத்திலும் அவர்களுக்குச் சம இடம் இல்லை. 1933-இல் தோன்றிய திரைநடிகர் சங்கம் 1937-இல் தயாரிப்பாளரோடு முதல் ஒப்பந்தம் செய்துகொண்டபோது, குறைந்த அளவு நாட்கூலியாக நடிகருக்கு 25 டாலரும் எக்ஸ்ட்ராவுக்கு 5 டாலர் 50 சென்ட்டும் ஏற்பட்டன. இருப்பினும் எக்ஸ்ட்ராக்கள் இளைய உறுப்பினர்களாகவே வைக்கப்பட்டனர். மற்ற நடிகர்களைப் போன்ற வாக்குரிமை அவர்களுக்கு இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிவுற்ற காலத்தில் அவர்கள் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர். அதை அமைக்க உழைத்தவர்களுள் ஒருவர் பெஸ் ஃபிளவர்ஸ். அதன் தொடக்ககாலத் துணைத் தலைவர்களுள் ஒருவராகவும் பணியாற்றினார். அச்சங்கம் 1992 வரை இயங்கியது. திரையில் வாய் திறவாமல் உதடசைத்தவர், சங்கத்தில் தம் தோழர்களுக்காக வாய் திறந்து பேசும் நிலையில் இருந்தார் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

இவர் தோல்வியுற்ற நட்சத்திரம் என்று சொல்லலாமா? நானும் முதலில் அவ்வாறுதான் நினைத்தேன். பெரிய வேடங்கள் அவருக்கு அறவே கிடைக்காமலில்லை. 1928-இல் லாரல்–ஹார்டி குறும்படமொன்றில் லாரலின் மனைவியாக நடித்திருக்கிறார். ஆயினும் அவருடைய வாழ்க்கை கூட்டத்தினிடையேதான் அமைந்தது. ‘இட் ஹாப்பண்ட் ஒன் நைட்’ (1934), ‘யூ கான்ட் டேக் இட் வித் யூ’ (1938), ‘ஆல் அபௌட் ஈவ்’ (1950), ‘தி கிரேட்டஸ்ட் ஷோ ஆன் எர்த்’ (1952), ‘அரௌண்ட் தி வேர்ல்ட் இன் 80 டேஸ்’ (1956) என, சிறந்த படத்துக்கான அகாடமி விருது பெற்ற ஐந்து படங்களில் அவர் இருக்கிறார். ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’விலும் ‘வெர்ட்டிகோ’விலும் இருக்கிறார். அவர் காலத்தில் ஒளிவீசிய நட்சத்திரங்கள் பலர் பத்தாண்டுகளுக்குள் மங்கி மறைந்தனர். இவரோ மௌனப் படக் காலத்தில் தொடங்கி, பேசும் படம், வண்ணப் படம், அகலத்திரை என்று எல்லா மாறுதல்களையும் கடந்து உழைத்தார். 1984-இல், படத்துறையினருக்கென்று அத்துறையினரே நிறுவிய முதியோர் இல்லத்தில் காலமானார். அப்போது வயது 85.

மாணவ நண்பர்களே! பெயர்ப் பட்டியலை மட்டும் நம்பி ஹாலிவுட்டின் வரலாற்றை எழுதியிருந்தால், பெஸ் ஃபிளவர்ஸ் என்பவர் அதில் இருந்திருக்கவே மாட்டார். பழைய படங்களை ஆர்வலர்கள் பொறுமையோடு மீண்டும் மீண்டும் பார்த்து, கூட்டத்தில் ஒரே முகத்தை அடையாளம் கண்டு குறித்துவைத்தமையால்தான் இன்று அவருக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. அவர் நடித்த படங்களின் மொத்த எண்ணிக்கையைக் கூறுவதில் இன்றும் ஒருவருக்கொருவர் வேறுபடுகின்றனர். தேடத் தேடப் புதியன கிடைக்கின்றன. எந்த ஆவணமும் அதை எழுதியவர் எதைப் பெரிதென்று கருதினாரோ அதைத்தான் முதலில் சொல்லும். எஞ்சியதைத் தேடிப் பெறுவது வரலாறு பயில்பவரின் கடமை. நீங்கள் அடுத்த முறை பழைய படம் ஒன்றைப் பார்க்கும்போது, விருந்துக் காட்சி வந்தால், நாயகனை விட்டுவிட்டு ஒரு நிமிஷம் பின்வரிசையைப் பாருங்கள். உயரமான அந்த அம்மையார் அங்கே நின்றுகொண்டிருக்கக் கூடும்.